அதிரடி பிராண்ட் பழுப்பு வண்ணம் விற்கலாமா?

மேக்கப் பிராண்டுகளில் ஒரு வகை, அடக்கத்தை எதிர்த்தே பிறந்தது. கருநீல லிப்ஸ்டிக், பச்சையாக மின்னும் ஐ ஷேடோ, துரு நிற நெயில் பாலிஷ் என்று, பார்த்தவர் திரும்பிப் பார்க்கும் வண்ணங்கள்தான் அவற்றின் அடையாளம். அப்படிப்பட்ட பிராண்ட் ஒன்று பழுப்பு, சந்தனம், மண் நிறம், செம்பு என்று அன்றாட வண்ணங்கள் மட்டும் அடங்கிய பெட்டியை வெளியிடலாமா? பழைய ரசிகர்களில் பலர் இதைத் துரோகமாகப் பார்க்கிறார்கள். மற்றவர்களோ, தாங்கள் தினமும் போடக்கூடிய ஒன்றை அந்த பிராண்ட் இப்போதுதான் செய்திருக்கிறது என்கிறார்கள்.

நியூயார்க்கிலும் லண்டனிலும் பேசப்படும் இந்தக் கேள்வியை நாம் ஒடுகத்தூரிலிருந்து பார்க்கலாம். ஜவ்வாது மலையின் அடிவாரத்தில், வேலூர் மாவட்டத்தில் இருக்கிறது இந்த ஊர். வெள்ளிக்கிழமை ஆட்டுச் சந்தைக்குப் பெயர்போனது. இங்கிருந்து வேலூருக்குப் படிக்கவும் வேலைக்கும் போகும் பெண்களின் கையில் போன் இருக்கிறது. உலகத்தின் எந்த மூலையில் வெளியாகும் பேலட்டும் அன்றே அவர்கள் கண்ணில் படுகிறது, பல பெட்டிகள் பார்சலாகவும் வந்துவிடுகின்றன. ஆகவே அந்தப் பெட்டியில் என்ன இருக்கிறது, அது யாருக்காகச் செய்யப்பட்டது என்பது அவர்களுக்கும் உரிய கேள்வி.

நியூட்ரல் பேலட் என்றால் என்ன?

பேலட் என்பது பல ஐ ஷேடோ வண்ணங்களைச் சிறு சிறு வட்டங்களாக அடுக்கிய பெட்டி. அதில் நியூட்ரல் என்று சொல்லப்படுவது, தோலின் நிறத்தை ஒட்டியே இருக்கும் வண்ணங்களின் தொகுப்பு. இமையில் பூசினால் தனியாக ஒரு வண்ணம் தெரியக்கூடாது. கண் மட்டும் எடுப்பாகத் தெரிய வேண்டும்.

இதற்கு மூன்று படிகள் தேவை. இமை முழுவதும் பூச, தோலுக்கு நெருங்கிய ஒரு நிறம். இமை மடிப்பில் நிழல் காட்ட, அதைவிட ஒரு படி அடர்ந்த நிறம். கண்ணின் வெளி ஓரத்துக்கு இன்னும் அடர்ந்த ஒன்று. இவற்றோடு புருவ எலும்பிலும் கண்ணின் உள் மூலையிலும் வெளிச்சம் பிடிக்க ஒரு மினுமினுப்பு. இந்த நான்கும் சரியாக அமைந்தால் போதும். பன்னிரண்டு, பதினெட்டு வண்ணங்கள் உள்ள பெட்டிகளிலும் பெரும்பாலானவை இந்த நான்கின் சிறு வேறுபாடுகளே.

அர்பன் டிகே: நடந்து முடிந்த சோதனை

இந்தக் கேள்விக்கு விடை தேட ஊகம் தேவையில்லை. ஒரு பிராண்ட் இதைச் செய்தே பார்த்துவிட்டது.

சிஸ்கோ கணினி வலையமைப்பு நிறுவனத்தை நிறுவியவர்களில் ஒருவரான சாண்டி லெர்னர், வெண்டி ஸோம்னிர் முதலானவர்களோடு சேர்ந்து 1996இல் அமெரிக்காவில் தொடங்கியது அர்பன் டிகே. அப்போது அங்கே கடைகளில் எங்கு பார்த்தாலும் இளஞ்சிவப்பும் சிவப்பும் பழுப்பும்தான். அதை நேரடியாகச் சீண்டும் விளம்பரத்தோடு, இளஞ்சிவப்பைப் பார்த்தால் உங்களுக்குக் குமட்டுகிறதா என்று கேட்டுக்கொண்டு அர்பன் டிகே களத்தில் இறங்கியது. முதலில் வந்தவை பத்து லிப்ஸ்டிக்குகளும் பன்னிரண்டு நெயில் பாலிஷ்களும். அவற்றின் பெயர்கள் கரப்பான், புகைமூட்டம், துரு, அமில மழை என்ற ரீதியில் இருந்தன. நகரத்தின் அழுக்கிலிருந்து எடுத்த வண்ணங்கள் என்பதே அவர்களின் பெருமை.

அதே அர்பன் டிகே 2010இல் நேக்கட் என்ற பேலட்டை வெளியிட்டது. பன்னிரண்டு வண்ணங்கள். வெளிர் மினுமினுப்பில் தொடங்கி, பழுப்பு, வெண்கலம், பொன் நிறம் வழியாகக் கருஞ்சாம்பல் வரை போனது. புகைமூட்டம் என்ற பழைய பெயர் இந்தப் பெட்டியிலும் ஒரு வண்ணத்துக்கு இருந்தது. நீலமும் பச்சையும் விற்ற பிராண்டின் வரலாற்றில் மிகப் பெரிய வெற்றி இந்தப் பழுப்புப் பெட்டிதான். 2011இல் நேக்கட் 2, 2013இல் நேக்கட் 3 என்று வரிசை நீண்டது. 2012இல் பிரான்ஸின் லோரியல் நிறுவனம் அர்பன் டிகேயை வாங்கியது. 2018இல் முதல் நேக்கட் பெட்டியின் தயாரிப்பை நிறுத்தியபோது, அதன் மொத்த விற்பனை 100 கோடி டாலரைத் தொட்டுவிட்டதாகச் செய்திகள் வந்தன.

இதிலிருந்து இரண்டு பாடங்கள் எடுக்கலாம். முதலாவது: அதிரடி பிராண்டிடமிருந்து அன்றாட வண்ணங்களை வாங்க மக்கள் தயாராக இருக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் நீல லிப்ஸ்டிக் போடாதவர்கள், ஆனால் அந்த பிராண்டின் துணிச்சலை விரும்புகிறவர்கள். அலுவலகத்துக்குப் போட்டுக்கொண்டு போகும் பழுப்பிலும் அந்தத் துணிச்சலின் ஒரு துளி தங்கள்மேல் ஒட்டும் என்று அவர்கள் நினைத்தார்கள். அப்படி நினைப்பதில் தவறு ஒன்றும் இல்லை.

இரண்டாவது பாடம் எச்சரிக்கை. வெற்றி பெரிதானபின், உலகம் அர்பன் டிகேயை நேக்கட் பெட்டியைக் கொண்டே அறிந்தது. கரப்பானும் அமில மழையும் எத்தனை பேருக்கு நினைவிருக்கும்? அடுத்தடுத்து வந்த பெட்டிகள் அந்தப் பழுப்பின் தம்பி தங்கைகளாகவே இருந்தன. போட்டி நிறுவனங்கள் எல்லாம் தங்கள் தங்கள் பழுப்புப் பெட்டியோடு வந்து, சில ஆண்டுகளிலேயே அந்தச் சந்தையும் நிரம்பிவிட்டது.

நிறுவனங்கள் பழுப்பை விரும்புவது ஏன்?

விற்பனை ஒரு காரணம். ஊதா ஐ ஷேடோவை வாங்கும் பெண் அதை ஆண்டுக்கு நான்கைந்து முறை போடுவார், பெட்டி காலியாவதற்குள் காலாவதி ஆகிவிடும். பழுப்பை வாங்குபவர் வாரத்தில் ஐந்து நாள் போடுவார், தீர்ந்ததும் மறுபடி வாங்குவார்.

இன்னொரு காரணம் வேதியியலில் இருக்கிறது. பழுப்பு நிறங்கள் பெரும்பாலும் இரும்பு ஆக்சைடுகளால் ஆனவை. சிவப்பு, மஞ்சள், கறுப்பு ஆகிய மூன்று இரும்பு ஆக்சைடுகளை வெவ்வேறு அளவில் கலந்தால் சந்தன நிறம் முதல் கருங்காலி நிறம் வரை எதையும் உண்டாக்கலாம். கோலத்துக்குக் கரை கட்டும் காவியின் சிவப்பும் இதே இரும்பிலிருந்து வருவதுதான். ஆனால் மண்ணிலிருந்து தோண்டிய காவியில் ஈயம், ஆர்சனிக் போன்றவை கலந்திருக்கக்கூடும் என்பதால், மேக்கப்புக்குத் தொழிற்சாலையில் செயற்கையாகச் செய்த இரும்பு ஆக்சைடையே பயன்படுத்துகிறார்கள். அது விலை குறைவு, வெயிலில் வெளுக்காது, கண்ணருகே பயன்படுத்த உலகெங்கும் அனுமதி உண்டு.

பளீர் வண்ணங்களின் கதை வேறு. கண்ணைப் பறிக்கும் ரோஸ், நியான் ஆரஞ்சு போன்றவற்றுக்குத் தேவையான சில சாயங்களைக் கண்ணைச் சுற்றிப் பயன்படுத்த அமெரிக்காவில் அனுமதி இல்லை. அதனால்தான் சில பிராண்டுகள் அத்தகைய வண்ணங்களை ஐ ஷேடோ என்று சொல்லாமல், அழுத்திய நிறமி என்ற வேறு பெயரில் விற்கின்றன. நீலத்துக்கு அல்ட்ராமரீன், பச்சைக்குக் குரோமியம் ஆக்சைடு, ஊதாவுக்கு மாங்கனீஸ் வயலட் என்று ஒவ்வொன்றுக்கும் தனி மூலப்பொருள், தனிப் பக்குவம் வேண்டும். பளீர் நிறத்தை ஒழுங்காகச் செய்வது கடினம், பழுப்பைச் செய்வது எளிது.

எளிது என்றுதான் தோன்றும். ஆனால் அந்தப் பழுப்பு எந்தத் தோலில் படப்போகிறது என்று கேட்டதும் வேலை கடினமாகிவிடுகிறது.

யாருடைய தோலுக்கு?

ஐ ஷேடோவின் பெரும் பகுதி நிறமி அல்ல. டால்க், மைக்கா போன்ற நிரப்பிகளும், தூள் ஒட்டிக்கொள்ள எண்ணெய் அல்லது சிலிக்கோனும், நிறத்தை மூடி நிற்கவைக்க டைட்டானியம் டை ஆக்சைடும் அதில் சேர்கின்றன. டால்க்கும் டைட்டானியம் டை ஆக்சைடும் வெள்ளை. வெளிர் தோலில் அந்த வெள்ளை கண்ணுக்குத் தெரியாது. மாநிறத்திலும் கறுப்பிலும் அது சாம்பல் பூத்ததுபோல நிற்கும். பெட்டியில் அழகான பால் காபி நிறமாக இருந்தது, இமைக்கு வந்ததும் விபூதி பூசியதுபோல ஆவது இதனால்தான். நம் பெண்கள் பலர் தங்கள் தோல்தான் மேக்கப்புக்கு ஒத்துவரவில்லை என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். உண்மையில் ஒத்துவராதது அந்தத் தூளின் கலவை.

அடுத்தது ஒப்பீடு. வெளிர் தோலில் கண்ணுக்கே தெரியாமல் கலக்கும் பழுப்பு வெள்ளை, நம் தோலில் தனியாக ஒரு திட்டாகத் தெரியும். அங்கே இமை முழுவதும் பூசும் அடிநிறமாக இருப்பது இங்கே மினுமினுப்புக்கு மட்டும் உதவும். அவர்களின் மடிப்பு நிழல் நிறம் நம் இமையில் காணாமலே போய்விடும். ஆகப் பன்னிரண்டு வண்ணப் பெட்டியை வாங்கும் ஒரு கருநிறப் பெண்ணுக்கு உண்மையில் பயன்படுவது நான்கோ ஐந்தோதான், காசு மட்டும் பன்னிரண்டுக்கும் கொடுக்கிறார்.

மாறாக, செங்கல் நிறம், செம்பு, கருகிய ஆரஞ்சு, நாவல்பழ நிறம், கருங்காபி ஆகியவை நம் தோலில் அமைதியாக உட்காரும். செங்கல் நிறத்தை மடிப்பில் பூசினால் அது நிழலாகவே தெரியும். இதையே மிகவும் வெளிர்ந்த தோலில் பூசினால் கண் சிவந்து வீங்கியதுபோலத் தோன்றும். ஒரு தோலுக்கு அடக்கமானது இன்னொரு தோலுக்கு ஆர்ப்பாட்டம். எல்லாத் தோலுக்கும் பொதுவான நியூட்ரல் என்று ஒரு பெட்டியை யாராலும் செய்ய முடியாது.

தமிழ்நாட்டுத் தோலில் மஞ்சள் சாயலும் பொன் சாயலும் அதிகம். கண்ணைச் சுற்றியும் வாயோரத்திலும் மற்ற இடத்தைவிட அடர்ந்திருப்பது இயல்பு. இந்த வேறுபாட்டைக் கணக்கில் எடுக்காத பேலட், இமையை இன்னும் கருகியதாகக் காட்டும். அமெரிக்காவில் வளர்ந்த இந்திய வம்சாவளிப் பெண்ணான தீபிகா முத்யாலா, கண்ணடிக் கருமையை மறைக்க சிவப்பு லிப்ஸ்டிக்கை அடியில் பூசும் வீடியோவை 2015இல் வெளியிட்டார். அது உலகெங்கும் பரவியது. கருமையில் இருக்கும் நீலச்சாம்பல் சாயலை சிவப்பும் ஆரஞ்சும் சமன் செய்யும் என்பதே அதில் இருந்த அறிவு. பின்னாளில் அவர் லைவ் டின்டெட் என்ற சொந்த பிராண்டையும் தொடங்கினார். வெளிர் தோலுக்குப் பளீர் நிறமான ஒன்று, மாநிறத் தோலுக்கு அடிப்படைத் தேவையாக இருந்திருக்கிறது.

எது அதிரடி என்பதும் ஊருக்கு ஊர் மாறும்

அர்பன் டிகே போன்ற பிராண்டுகள் பிறந்த ஊர்களில், கண்ணைச் சுற்றிக் கட்டியாகக் கறுப்பு தீட்டுவது கலகக்காரர்களின் அடையாளம். ராக் இசைக்காரர்களும் இரவு விடுதி இளைஞர்களும் செய்தது அது. நம் ஊரில் பிறந்த குழந்தைக்கே கண்மை தீட்டும் வழக்கம் தலைமுறைகளாக இருந்தது. பள்ளிக்கூடத்துக்குப் போகும் பெண் கண்ணில் மையும் நெற்றியில் பொட்டும் இல்லாமல் கிளம்பினால்தான் வீட்டில் என்னவென்று கேட்பார்கள். விளக்கெண்ணெய் விளக்கின் கரியைச் செம்புத் தட்டில் பிடித்து வீட்டிலேயே மை செய்த காலம் போய், கடையில் டப்பா வாங்கும் காலம் வந்தது. சென்னையின் அரவிந்த் லேபரட்டரீஸ் 1938 முதல் விற்றுவரும் ஐடெக்ஸ் கண்மை எத்தனையோ வீடுகளின் கண்ணாடி அலமாரியில் இருந்த பொருள்.

ஆகக் கறுப்புக் கண்ணும் சிவப்புக் குங்குமமும் மஞ்சள் பூசிய முகமும்தான் தமிழ்ப் பெண்ணின் அன்றாடம். அதை எந்த வெளிநாட்டு நியூட்ரல் பெட்டியும் கணக்கில் எடுப்பதில்லை. இமையில் வெளிறிய பழுப்பைப் பூசி, மையே இல்லாமல் விட்டால் நம் முகம் காய்ச்சலில் கிடந்து எழுந்ததுபோல் இருக்கும். இங்கே விற்க வரும் பிராண்ட், கட்டியான கறுப்பு மைக்கும் பட்டுப்புடவையின் அரக்குச் சிவப்புக்கும் பக்கத்தில் தன் பழுப்பு எப்படி நிற்கும் என்று முதலில் பார்த்தாக வேண்டும்.

சிவப்பழகு விற்ற சந்தையில்

இந்தக் கேள்விக்கு இந்தியாவில் இன்னும் ஒரு கனம் இருக்கிறது. இங்கே அழகுப் பொருள் சந்தை நெடுங்காலம் ஓடியது ஒரே வாக்குறுதியில்: நீ வெளுப்பாய். லாக்மே 1952இல் டாடா குழுமத்தில் தொடங்கியது, இந்தியப் பெண்களுக்கு இந்தியாவிலேயே நல்ல மேக்கப் கிடைக்க வேண்டும் என்ற நோக்கத்தோடு. ஆனால் 1975இல் ஃபேர் அண்ட் லவ்லி என்ற சிவப்பழகு கிரீம் வந்தது. சென்னையின் கெவின்கேர் 1998இல் அதே வகைக் கிரீமான ஃபேர்எவரை இறக்கியது. கறுப்பான பெண்ணுக்கு வேலை கிடைக்காது, வரன் அமையாது, கிரீம் பூசி வெளுத்ததும் இரண்டும் கிடைக்கும் என்று விளம்பரங்கள் வீட்டுக் கூடத்திலேயே வந்து சொன்னன. அதைப் பார்த்து வளர்ந்த தலைமுறையினர் தங்களைவிட இரண்டு படி வெளிர்ந்த ஃபவுண்டேஷனைக் கேட்டு வாங்கினார்கள். கல்யாண ஆல்பங்களில் முகம் ஒரு நிறம், கழுத்து ஒரு நிறம், கை வேறு நிறம் என்று இருப்பதற்கு இதுதான் காரணம்.

எதிர்க்குரலும் தமிழ்நாட்டிலிருந்தே எழுந்தது. சென்னையில் கவிதா இம்மானுவேல் நிறுவிய விமன் ஆஃப் வொர்த் அமைப்பு 2009இல் 'டார்க் இஸ் பியூட்டிஃபுல்' பிரசாரத்தைத் தொடங்கியது. நடிகை நந்திதா தாஸ் பின்னர் அதன் முகமானார். 2020இல் ஃபேர் அண்ட் லவ்லி தன் பெயரை குளோ அண்ட் லவ்லி என்று மாற்றிக்கொண்டது. அதற்கு முன்பே, 2017 செப்டம்பரில் பாடகி ரிஹானாவின் ஃபென்டி பியூட்டி ஒரே நேரத்தில் 40 ஃபவுண்டேஷன் நிறங்களோடு வந்து, கருநிறத்துக்கும் சம இடம் கொடுத்தால் கடை காலியாகும் அளவுக்கு வாங்குவார்கள் என்று நிரூபித்திருந்தது. இந்தியாவில் 2012இல் தொடங்கிய சுகர் போன்ற பிராண்டுகள் நம் தோலுக்கு ஏற்ற பழுப்பு, செங்கல், நாவல் நிற லிப்ஸ்டிக்குகளை வைத்தே வளர்ந்தன. சுகரின் பெட்டியும் பெயர்களும் அதிரடிதான், உள்ளே நிறையப் பெண்கள் வாங்கியதோ தினமும் போடும் நிறங்கள்.

இந்த வரலாற்றை வைத்துப் பார்த்தால், கருநிறத் தோலுக்கு அடக்கமாக அமையும் பழுப்புப் பெட்டியை இந்தியாவில் கொண்டுவருவது துணிச்சல் குறைந்த காரியம் ஆகாது. நியான் பச்சை லிப்ஸ்டிக்கை எவரும் செய்துவிடலாம், அதனால் யார் மனமும் மாறப்போவதில்லை. "உன் நிறத்தை மாற்ற வேண்டாம், அதற்கு ஏற்றபடி நாங்கள் கலவையை மாற்றுகிறோம்" என்று ஒரு பெட்டி சொன்னால், அதுதான் இங்கே பெரிய கலகம்.

அப்படியென்றால், வெளியிடலாமா?

வெளியிடலாம். ஆனால் மூன்று நிபந்தனைகள் உண்டு.

முதலாவது, கலவை. விற்கப்போகும் ஊரின் தோலில் சோதித்துச் செய்திருக்க வேண்டும். வெள்ளை நிரப்பி குறைவாகவும் நிறமி தாராளமாகவும் இருக்க வேண்டும். வெளிநாட்டில் விற்ற அதே பெட்டியை மேலட்டை மட்டும் மாற்றி இங்கே அனுப்பும் பிராண்டுக்குத் துணிச்சலைப் பற்றிப் பேச உரிமை இல்லை.

இரண்டாவது, அடையாளம். பன்னிரண்டில் குறைந்தது இரண்டு அந்த பிராண்டுக்கே உரிய நிறங்களாக இருக்கட்டும்: ஒரு மயில்கழுத்து நீலம், ஒரு கரும்பச்சை. தினமும் பழுப்பு போடும் பெண், ஒரு நாள் மை தீட்டும் கோட்டில் அந்த நீலத்தைத் தொட்டுப் பார்ப்பாள். அதிரடி நிறங்களுக்குப் புதியவர்கள் வந்து சேர்வது இப்படித்தான்.

மூன்றாவது, தொடர்ச்சி. பழுப்பில் வரும் லாபத்தைக் கொண்டு பளீர் நிறங்களைத் தொடர்ந்து செய்ய வேண்டும். லாபம் தராது என்று ஊதாவையும் பச்சையையும் கைவிட்டால் அந்த பிராண்ட் பெயரளவில்தான் பிழைத்திருக்கும். மேடை நடனக்காரர்கள், நாடகக் கலைஞர்கள், தங்களை நிறத்தால் வெளிப்படுத்த விரும்பும் திருநங்கையர், இளைஞர்கள் ஆகியோர் அந்த பிராண்டை வளர்த்தவர்கள். அவர்களுக்கு வேறு கடை இல்லை, பழுப்பு வாங்குபவர்களுக்கு ஆயிரம் கடை உண்டு.

பழைய ரசிகர்களுக்கும் ஒரு வார்த்தை. பளீர் நிறம் போட்டுக்கொண்டு வெளியே போவது எல்லோருக்கும் ஒரே அளவு எளிதான காரியம் இல்லை. பெருநகரத்தில் யாரும் கண்டுகொள்ளாத நீல இமை, பேருந்தில் தினமும் ஒரே முகங்களோடு பயணம் செய்யும் சிற்றூர்ப் பெண்ணுக்கு நூறு கேள்விகளைக் கொண்டுவரும். அவள் பழுப்பைத் தேர்ந்தெடுப்பதைக் கோழைத்தனம் என்று சொல்லக் கூடாது. தன் முகத்துக்குத் தானே ஒரு நிறத்தை முடிவு செய்வதே பல வீடுகளில் பெரிய அடி.

வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

போலி. ஒரு பெட்டி புகழ்பெற்றதும் அதன் நகல்கள் வந்துவிடும், நேக்கட் பேலட்டுக்கும் அதுவே நடந்தது. அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பான ஜி.ஏ.ஓ. 2018இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. புகழ்பெற்ற இணையக் கடைகளில் இருந்த வெளி விற்பனையாளர்களிடம் அது 47 பொருள்களை வாங்கிச் சோதித்தது. 20 போலி. அவற்றில் அர்பன் டிகே பெயரில் வாங்கிய 13 பொருள்களும் போலி, ஒன்றுகூட அசல் இல்லை. அமெரிக்காவிலேயே இந்த நிலை என்றால், நம் ஊர் ஃபேன்ஸி ஸ்டோரில் வெளிநாட்டுப் பெயரோடு இருநூறு ரூபாய்க்குக் கிடைக்கும் பதினெட்டு வண்ணப் பெட்டியைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. போலியில் ஈயம் போன்ற உலோகங்கள் இருக்கக்கூடும், கண்ணில் கிருமித்தொற்றும் வரலாம்.

அட்டை. இந்தியாவில் அழகுப் பொருள்களுக்கு 2020ஆம் ஆண்டின் காஸ்மெட்டிக்ஸ் விதிகள் உண்டு. தயாரித்தவரின் பெயரும் முழு முகவரியும், தயாரிப்பு உரிம எண்ணும், பேட்ச் எண்ணும், எந்த மாதத்துக்குள் பயன்படுத்த வேண்டும் என்பதும் அட்டையில் இருக்க வேண்டும். இறக்குமதிப் பொருள் என்றால் இறக்குமதி செய்தவரின் முகவரியும் பதிவுச் சான்று எண்ணும் வேண்டும். இவை இல்லாத பெட்டி எவ்வளவு அழகாக இருந்தாலும் கண்ணருகே கொண்டுபோகாதீர்கள்.

மூலப்பொருள். பட்டியல் இருந்தால் எண்களைத் தேடுங்கள். 77491 சிவப்பு, 77492 மஞ்சள், 77499 கறுப்பு: மூன்றும் இரும்பு ஆக்சைடு. 77891 டைட்டானியம் டை ஆக்சைடு. இது பட்டியலில் இருப்பது தவறில்லை, மினுமினுப்புக்கும் தேவைப்படும். ஆனால் மினுக்கம் இல்லாத நிறத்தைப் பூசிப் பார்த்து சாம்பல் பூத்தால், காரணம் பெரும்பாலும் இதுவும் டால்க்கும்தான்.

சோதனை. கையின் மேற்புறத்தில் பூசிப் பார்த்தால் போதாது, இமையின் நிறம் வேறு. முன்கையின் உட்புறத்திலாவது மெல்லிதாகத் தேய்த்து, கடையின் டியூப் லைட்டை விட்டு வாசலுக்கு வந்து பகல் வெளிச்சத்தில் பாருங்கள். உங்கள் தோலைவிட ஒரு படி அடர்ந்த மினுக்கமில்லாத நிறம், அதைவிட அடர்ந்த காபி நிறம், செம்பு அல்லது பொன் மினுமினுப்பு: இந்த மூன்றும் சரியாக இருந்தால் அந்தப் பெட்டி உங்களுடையது. புருவத்தின் அடியில் வெள்ளை மினுமினுப்பைத் தவிர்த்துப் பொன் நிறத்தைப் பூசுங்கள்.

வெயில். வேலூர்ப் பக்கத்து வெயிலில் இமையில் எண்ணெய் கசிந்து, மதியத்துக்குள் ஐ ஷேடோ மடிப்பில் கோடாகத் திரளும். முதலில் இமையைத் துடைத்து, பிரைமரோ மிக மெல்லிய கன்சீலரோ பூசி, சிறிது பவுடர் ஒற்றி, அதன்மேல் வண்ணம் வையுங்கள். கையில் எடுக்கும் தூளின் அளவு குறையட்டும், அடுக்கு கூடட்டும்.

கல்யாணம். நலங்கு வைத்த மறுநாள் முகத்தில் மஞ்சள் ஏறியிருக்கும். அன்றைக்கு ரோஸ் சாயல் உள்ள பழுப்பு பொருந்தாது, செம்பும் செங்கல் நிறமும் பொருந்தும். நம் பக்கத்தில் பல வீடுகளில் முந்தைய நாள் மாலையே ரிசப்ஷன். வீடியோ விளக்கின் வெளிச்சத்தில் நிறம் வெளுத்துத் தெரியும் என்பதால் மாலைக்கு ஒரு படி அடர்த்தியாகவும், விடியற்கால முகூர்த்தத்துக்கு அதைவிட மெல்லிதாகவும் பூசுங்கள். மேக்கப் செய்பவரிடம் முன்கூட்டியே ஒரு முறை பூசிப் பார்க்கச் சொல்லுங்கள். கழுத்தின் நிறத்துக்குத்தான் முகம் பொருந்த வேண்டும் என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள். உங்கள் நிறத்தைக் குறைக்கவோ கூட்டவோ அவருக்கு நீங்கள் பணம் கொடுக்கவில்லை.

பிராண்டுகள் வாங்குபவர்கள் சொல்வதைக் கேட்கின்றன, ஏனென்றால் பணம் அங்கிருந்துதான் வருகிறது. அடுத்த முறை ஒரு பழுப்புப் பெட்டி உங்கள் இமையில் சாம்பலாக நின்றால் முகத்தைக் குறை சொல்லாதீர்கள். மலிவான கடையோ பெரிய கம்பெனியோ, இது எங்கள் தோலுக்கு ஆகவில்லை என்று எழுதிச் சொல்லுங்கள், சரியாகச் செய்தவரிடமே மறுபடி வாங்குங்கள்.